புரதத்துல பாதி அணுவை விட்டுட்டீங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலர்ல புரதத்தைப் பத்தி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, கலர் படத்தோட. மொதல்ல அதுக்கு நன்றி, ஏன்னா ராசிபலன், சினிமா, கட்சிக்காரங்க சண்டை இதுக்கெல்லாம் நடுவுல ஒரு தமிழ்ப் பேப்பர் புரதத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குறதே பெரிய விஷயம். ஆனா அதுல ஒரு எடத்துல, புரதத்துல ஒவ்வொரு அணுவும் எங்க இருக்குன்னு இப்ப தெரிஞ்சு போச்சு, இனிமே மருந்து கண்டுபிடிக்கிறது கம்ப்யூட்டர் பாடுன்னு எழுதியிருந்தாங்க பாருங்க, அதைப் படிச்சதும் எனக்குத் தேத்தண்ணி ஆறிப்போனது கூட தெரியல. ஒவ்வொரு அணுவும் தெரியல ஐயா. ஏறக்குறைய பாதி அணு தெரியல. அந்தப் பாதி ஹைட்ரஜன். நீங்க போட்ட அந்த அழகான படத்துலயும் ஒரு ஹைட்ரஜன் கூட கிடையாது, பூதக்கண்ணாடி வச்சுத் தேடினாலும் கிடைக்காது.

நான் மலேசியாவுல பேராக் பக்கம் சுங்கை சிப்புட்ல படிவம் 4, 5 பிள்ளைங்களுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். அதுக்கு முன்னாடி மாஸ்டர்ஸ் படிக்கிறப்ப புரதத்தைப் படிகமா (கிரிஸ்டலா) வளர்க்கிற ஒரு லேப்ல இருந்தேன், அதனால இது எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம் மாதிரி. படிவம் 4 பாடத்துலயே ஹைட்ரஜன் பிணைப்பு வந்துருது, அதாவது ஒரு அணுவோட ஒட்டியிருக்கிற ஹைட்ரஜன் பக்கத்துல இருக்கிற இன்னொரு அணுவையும் லேசா இழுத்துப் பிடிக்கிறது, பிள்ளைங்க ரெண்டு மூலக்கூறு வரைஞ்சு நடுவுல புள்ளிக்கோடு போட்டு மார்க் வாங்கிடுவாங்க. போன மாசம் ஒரு பையன் கேட்டான், இந்தப் புள்ளிக்கோட்டை யாரு டீச்சர் பார்த்தான்னு. நல்ல கேள்வி. உங்க கட்டுரை எழுதினவரு அந்தக் கேள்விய கேட்டிருந்தா அந்த வரி வந்திருக்காது.

விஷயம் என்னன்னா, புரதத்தோட உருவத்தப் பெரும்பாலும் எக்ஸ்ரே வச்சுத்தான் எடுக்கிறாங்க. புரதத்தைப் படிகமாக்கி, அது மேல எக்ஸ்ரே அடிச்சு, சிதறி வர்ற புள்ளிகளை அளந்து, கணக்குப் போட்டு, அணு எங்கெங்க இருக்குன்னு வரைவாங்க. ஆனா எக்ஸ்ரே அணுக்கருவைப் பார்க்காது, அதைச் சுத்தி இருக்கிற எலக்ட்ரானைத்தான் பார்க்கும். கார்பனுக்கு 6 எலக்ட்ரான், நைட்ரஜனுக்கு 7, ஆக்ஸிஜனுக்கு 8, ஹைட்ரஜனுக்கு ஒண்ணே ஒண்ணு, அந்த ஒண்ணையும் பக்கத்துல ஒட்டியிருக்கிற அணு தன் பக்கம் இழுத்து வச்சுக்கும். விடியக்காலைல ரப்பர் மரத்துல பால் வெட்டப் போறவங்க தலையில கட்டியிருக்கிற சின்ன லைட்டு, எதிர்ல லோரி ஹெட்லைட் போட்டுட்டு வந்தா எப்படித் தெரியும், அந்தக் கதைதான். ரொம்ப அருமையான படிகம் கிடைச்சு, ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் (ஒரு மில்லிமீட்டர்ல கோடில ஒரு பங்கு) கீழ துல்லியமா படம் எடுத்தா எக்ஸ்ரேலயே சில ஹைட்ரஜன் தென்படும், இல்லன்னு சொல்லல. ஆனா பெரும்பாலான புரதத்துக்கு அந்த மாதிரி படிகம் அமையாது, அமைஞ்சாலும் நமக்கு எது முக்கியமோ அந்த ஹைட்ரஜன்தான் தெரியாம போகும், ஏன்னா முக்கியமானதெல்லாம் இங்கயும் அங்கயும் தாவுற ஹைட்ரஜன், அதுங்க எலக்ட்ரானைக் கூட விட்டுட்டு வெறும் புரோட்டானா திரியும்.

அப்ப ஆளுங்க என்ன செய்றாங்கன்னா, ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் 2.7ல இருந்து 3 ஆங்ஸ்ட்ராம் தூரத்துல இருந்தா நடுவுல ஒரு ஹைட்ரஜன் இருக்கணும், அங்க ஒரு பிணைப்பு இருக்கணும்னு யூகம் பண்ணி புள்ளிக்கோடு போட்டுக்குவாங்க. பெரும்பாலும் யூகம் சரியாத்தான் இருக்கும். ஆனா அந்த ஹைட்ரஜன் எந்தப் பக்கத்து அணுவோட ஒட்டியிருக்கு, எந்தத் திசைல நீட்டிக்கிட்டு இருக்கு, இல்ல அங்க ஒண்ணுமே இல்லையா, இது தூரத்தை மட்டும் வச்சு சொல்ல முடியாது.

இதெல்லாம் எதுக்கு, ஒரு துளியூண்டு ஹைட்ரஜன் எங்க இருந்தா என்னன்னு நினைக்கிறவங்க எங்க ஊர்ப் பக்கம் வரலாம், பழைய ரப்பர் பால் ஸ்டோர்ல வேலை பார்த்தவங்க இன்னும் இருக்காங்க, கேட்டா சொல்லுவாங்க. இப்ப சுத்தி முத்தி செம்பனையா போச்சு, ஆனா எங்கப்பா காலத்துல கித்தா, அதாவது ரப்பர் தோட்டம்தான். காலைல வெட்டின பால் வரும், வடிகட்டித் தண்ணி சேர்ப்பாங்க, அப்புறம் ஆசிட் ஊத்திக் கலக்கி, மேல வர்ற நுரைய வழிச்சுப் போட்டுட்டு விட்டுருவாங்க, பால் கெட்டியாகி வெள்ளைக் கட்டியா நிக்கும், அதை மிஷின்ல குடுத்து தண்ணிய பிழிஞ்சு ஷீட் போடுவாங்க. அந்த ஆசிட் ஃபார்மிக் ஆசிட், மூக்குல ஏறுனா கண்ணுல தண்ணி வந்துரும், அப்பா சட்டைல அந்த வாடை துவைச்சாலும் போகாது. அந்தத் தொட்டில நடக்கிறது முழுக்க ஹைட்ரஜன் வேலைதான். ரப்பர் பால்ல ஒவ்வொரு நுண்ணிய துளியச் சுத்தியும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மெல்லிய தோல் இருக்கு, அந்தத் தோல்ல நெகட்டிவ் சார்ஜ், அதனால ஒரு துளி இன்னொரு துளியத் தள்ளிக்கிட்டே இருக்கும், ஒட்டாது, பால் பாலாவே இருக்கும். ஆசிட் ஊத்தினதும் அதுல இருந்து கழண்டு வர்ற புரோட்டான், அதாவது எலக்ட்ரான் இல்லாத ஹைட்ரஜன், அந்தப் புரதத்துல நெகட்டிவா இருக்கிற எடத்துல போய் உக்காந்துக்கும். சார்ஜ் போச்சு, தள்ளுற வேலையும் போச்சு, துளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும். பாலை அப்படியே பாலாவே ஃபேக்டரிக்கு அனுப்பணும்னா அம்மோனியா ஊத்துவாங்க, அது நேர் எதிர் வேலை, புரோட்டானை உக்கார விடாது, பாலைப் புளிக்க வைக்கிற கிருமியையும் வளர விடாது.

ஒரு புரோட்டான் ஒரு எடத்துல உக்காந்திருக்கா இல்லையாங்கிறதை வச்சுத்தான் தொட்டில இருக்கிறது பாலா கட்டியான்னு முடிவாகுது. நம்ம உடம்புல ரசாயன வேலைய நடத்துற புரதங்களான என்ஸைம்களோட கதையும் இதேதான், அங்க ஒரு புரோட்டான் எடம் மாறினா என்ஸைம் வேலை செய்யும், மாறலன்னா சும்மா கிடக்கும். மருந்து போய் ஒட்டுறதும் அதே கணக்கு. அந்தப் புரோட்டான் உக்காந்த புரதத்தையும் உக்காராததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சாதாரணமா எக்ஸ்ரே படம் எடுத்தா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணு போலத்தான் இருக்கும்.

இங்கதான் நியூட்ரான் வருது. 1932ல சாட்விக் கண்டுபிடிச்ச அதே நியூட்ரான், அணுக்கருவுக்குள்ள இருக்கிற துகள். அதுக்கு சார்ஜ் கிடையாது, எலக்ட்ரானை ஏறெடுத்தும் பார்க்காது, நேரா அணுக்கருகிட்ட போய் அங்க இருந்து சிதறும். அதனால எலக்ட்ரான் எத்தனைங்கிற கணக்கே அங்க செல்லாது. ஒவ்வொரு அணுக்கருவும் நியூட்ரானை எவ்வளவு சிதற வைக்கும்னு ஒரு அளவு வச்சிருக்காங்க, அணுக்கரு அளவுக்குச் சின்ன நீளமான ஃபெம்டோமீட்டர்ல சொல்லுவாங்க. கார்பன் 6.65, நைட்ரஜன் 9.36, ஆக்ஸிஜன் 5.80, ஹைட்ரஜன் மைனஸ் 3.74. மத்ததோட ஒப்பிட்டா ஒண்ணும் மோசம் இல்ல, நல்லாவே தெரியும். ஆனா அந்த மைனஸ் ஒரு தொல்லை. மத்த அணுவெல்லாம் மேடாத் தெரியுற படத்துல ஹைட்ரஜன் மட்டும் குழியாத் தெரியும். ஒரு கார்பன்ல ரெண்டு ஹைட்ரஜன் ஒட்டியிருந்தா, 6.65ல இருந்து 3.74 ரெண்டு தடவை கழிச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட பூஜ்யம், மேடும் குழியும் சேர்ந்து சமமாகி அந்த எடமே படத்துல காணாம போயிடும். இன்னொரு தொல்லை, ஹைட்ரஜன் நியூட்ரானை ஒரு ஒழுங்கே இல்லாம நாலாப் பக்கமும் வேற சிதற விடும், பின்னணி பூரா இரைச்சல், நமக்கு வேண்டிய புள்ளிங்க அதுல மூழ்கிடும்.

அதுக்குக் கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஹைட்ரஜனுக்கு ஒரு அண்ணன் இருக்கு, டியூட்டீரியம், 1931ல யூரேங்கிறவர் கண்டுபிடிச்சது, கெமிஸ்ட்ரி குணம் ஏறக்குறைய ஒண்ணுதான், கருவுல ஒரு நியூட்ரான் மட்டும் கூடுதல். அதோட சிதறல் அளவு 6.67, ப்ளஸ்ல. கார்பன் அளவுக்குப் பளிச்சுன்னு தெரியும், இரைச்சலும் ரொம்பக் கம்மி. அதனால புரதப் படிகத்தைக் கனநீர்ல ஊற வைப்பாங்க, கனநீருங்கிறது ஹைட்ரஜனுக்குப் பதிலா டியூட்டீரியம் இருக்கிற தண்ணி. ஊற ஊற ஆக்ஸிஜன்லயும் நைட்ரஜன்லயும் ஒட்டியிருக்கிற ஹைட்ரஜன் கழண்டு போய் அந்த எடத்துல டியூட்டீரியம் வந்து உக்காரும். கார்பன்ல ஒட்டினது அசையாது. அதையும் மாத்தணும்னா புரதத்தை உற்பத்தி பண்ற பேக்டீரியாவையே கனநீர்ல வளர்க்கணும், சாப்பாடும் டியூட்டீரியம் போட்டதாவே குடுக்கணும், அது பாவம் மெதுவாத்தான் வளரும், செலவும் ஏகத்துக்கு ஆகும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு பாருங்க. ஊற வச்ச படிகத்துல எல்லா ஹைட்ரஜனும் மாறிடாது. வெளிப்பக்கமா, தண்ணி படுற எடத்துல இருக்கிறது சீக்கிரம் மாறிடும், உள்ளுக்குள்ள சுருள்லயும் மடிப்புலயும் நல்ல பிணைப்புல மாட்டிக்கிட்டு இருக்கிறது மாசக்கணக்கா ஊறினாலும் மாறாம கிடக்கும். படத்துல மாறினது மேடு, மாறாதது குழி. அப்ப புரதத்துல எந்த எடம் ஆடுது, எந்த எடம் கெட்டியா பூட்டியிருக்கு, எந்தப் புள்ளிக்கோடு பலமானது எது சும்மா பேருக்கு, இதெல்லாம் அந்த மேடு பள்ளத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிடலாம். ஒரு ஹைட்ரஜன் பிணைப்போட பலம் சாதாரண பிணைப்போட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி, இருபதுல ஒரு பங்கு தேறினா அதிகம். ஆனா புரதத்துல அது நூத்துக்கணக்குல இருக்கு, அது கட்டிப் பிடிச்சு நிக்கிறதுல அதுங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு.

சரி இவ்வளவு நல்லதுன்னா ஏன் எல்லாரும் நியூட்ரானையே வச்சுப் பண்ணலன்னு கேப்பீங்க. படிகம் ஐயா, படிகம். நான் வளர்த்தது லைசோசைம்னு ஒரு புரதம், கோழி முட்டை வெள்ளைக்கருல இருந்து எடுக்கிறது, இந்த வேலைக்கு வர்ற எல்லாருக்கும் அதுதான் முதல் பாடம். சின்னக் கண்ணாடித் தகடுல புரதக் கரைசல் ஒரு சொட்டு, அது மேலயே உப்புக் கரைசல் ஒரு சொட்டு, தகட்டைக் கவுத்து, அடியில உப்புக் கரைசல் இருக்கிற குழி மேல வச்சு, ஓரம் பூரா கிரீஸ் தடவி காத்துப் போகாம மூடிடணும். கீழ உப்பு ஜாஸ்தி, அதனால தொங்குற சொட்டுல இருக்கிற தண்ணி ஆவியாகி மெல்ல மெல்ல கீழ போகும், சொட்டு சுண்டும், சுண்டி ஒரு கட்டத்துல புரதம் கரைஞ்சு இருக்க முடியாம வரிசை கட்ட ஆரம்பிக்கும். மைக்ராஸ்கோப்ல பார்த்தா ஓரம் சீவின மாதிரி பளபளன்னு இருக்கும். ஆனா ஊசி முனையால தொட்டாப் போதும், நொறுங்கிடும், ஏன்னா உள்ள நிறைய தண்ணிதான். டெம்பரேச்சர் கொஞ்சம் ஏறி இறங்கினா ஒரு பெரிய படிகத்துக்குப் பதிலா நூறு பொடிப் பொடியா கொட்டிடும். எக்ஸ்ரேக்கு அந்தப் பொடியே போதும், ஒரு மில்லிமீட்டர்ல நூறுல சில பங்கு அளவு இருந்தாக் கூட சிங்க்ரோட்ரான்ல, அதாவது ரொம்பப் பலமான எக்ஸ்ரே தர்ற பெரிய மிஷின்ல, நிமிஷக்கணக்குல வேலை முடிஞ்சிரும். நியூட்ரானுக்கு அது பத்தாது, ரொம்ப காலம் ஒரு கன மில்லிமீட்டர் அளவாவது வேணும்னு இருந்துச்சு, அதாவது குண்டூசித் தலை கிட்டத்தட்ட. டியூட்டீரியம் முழுசா மாத்தின புரதம்னா இப்ப அதுல பத்துல ஒரு பங்கு இருந்தாலும் ஒப்பேத்துறாங்க. அதுவே பெரிய பாடு, பல புரதம் அந்த அளவுக்கு வளரவே வளராது.

படிகம் ஏன் அவ்வளவு பெருசா வேணும்னா நியூட்ரான் கத்தை ரொம்பப் பலவீனம். எக்ஸ்ரே கொட்டுற மாதிரி கொட்டாது. நியூட்ரானுக்கு ஒண்ணு ரியாக்டர் (அணு உலை) வேணும், இல்லன்னா கன உலோகத்து மேல புரோட்டானை மோத விட்டு நியூட்ரானைத் தெறிக்க விடுற பெரிய மிஷின் வேணும். பிரான்ஸ்ல கிரெனோபிள், ஜெர்மனில மூனிக் பக்கம், அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ், ஜப்பான்ல தோக்காய், நமக்குக் கிட்டத்துல சிட்னிக்கு வெளிய லூக்காஸ் ஹைட்ஸ், ஸ்வீடன்ல லுண்டு பக்கம் புதுசா ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்காங்க, உலகத்துலயே விரல் விட்டு எண்ணிடலாம். அங்க போனாலும் ஒரு படிகத்துக்கு நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு உக்காரணும். ஆனா ஒரு லாபம் இருக்கு, எக்ஸ்ரே படிகத்தைச் சுட்டுப் பாழாக்கும், அதனாலதான் அதை உறைய வச்சே படம் எடுக்கிறாங்க. நியூட்ரான் அப்படி இல்ல, அதோட சக்தி ரொம்பக் கம்மி, சாதாரண ரூம் சூட்டுல வாரக்கணக்கா அடிச்சாலும் புரதத்துக்கு ஒண்ணும் ஆகாது.

இப்படிக் கஷ்டப்பட்டு என்னத்தக் கண்டாங்கன்னு கேட்டா, கண்டிருக்காங்க. மொதல்ல 1969ல ஷோன்பார்ன்ங்கிறவர் அமெரிக்காவுல புரூக்ஹேவன் லேப்ல, தசைல ஆக்ஸிஜனைச் சேர்த்து வைக்கிற மயோகுளோபின் புரதத்தை நியூட்ரான்ல பார்த்தார். அப்புறம் நம்ம குடல்ல சாப்பாட்டுப் புரதத்தை வெட்டுற டிரிப்சின். அதுல வேலை நடக்கிற எடத்துல மூணு அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டியிருக்கிற செங்கல் மாதிரி) கூட்டா நிக்கும், வேலை நடக்கிறப்ப புரோட்டான் அதுல ஹிஸ்டிடின்ல இருக்கா ஆஸ்பார்டிக் ஆசிட்ல இருக்கான்னு பல வருஷம் பெரிய சண்டை, எக்ஸ்ரே படத்தை வச்சு தீர்க்க முடியல. 1980ல கோசியாகாஃபும் ஸ்பென்சரும் நியூட்ரான்ல பார்த்து, ஹிஸ்டிடின்லதான்னு காட்டினாங்க. பள்ளிக்கூடத்துப் பாடத்துல இது ஒரு வரியாக் கூட வராது, ஆனா அந்த ஒரு புரோட்டான் எங்கங்கிறதுலதான் அந்த என்ஸைம் எப்படி வேலை செய்யுதுங்கிற விளக்கமே நிக்குது.

1997ல ஜப்பான்காரங்க நீமுராவோட குழு, நியூட்ரானைப் பிடிக்க ஒரு புது மாதிரி பிளேட் வச்சு லைசோசைமைப் பார்த்தாங்க, அந்த பிளேட் வந்தப்புறம் நேரம் ரொம்ப மிச்சமாச்சு. நான் பாடம் கத்துக்கிட்ட அதே முட்டைப் புரதம், அதனால சொல்றேன்.

மருந்துன்னு வந்தா, கண்ணுல அழுத்தம் இருக்கிறவங்களுக்குக் குடுக்கிற அசிட்டசோலமைடு மாத்திரை. நம்ம ஊர்ல சக்கரை, பிரஷரோட கண் அழுத்தமும் நிறைய பேருக்கு, பெயரு கேள்விப்பட்டிருப்பாங்க. அது கார்பானிக் அன்ஹைட்ரேஸ்ங்கிற என்ஸைமைத் தடுக்குது. அந்த மருந்து என்ஸைம் உள்ள போய் ஒட்டுறப்ப தன்னோட நைட்ரஜன்ல ஒரு ஹைட்ரஜனைக் கழட்டி விட்டுட்டு சார்ஜோட ஒட்டுதா, அப்படியே ஒட்டுதாங்கிறதை 2012ல நியூட்ரான் படத்துல நேரா பார்த்தாங்க, கழட்டி விட்டுட்டுத்தான் ஒட்டுது. அடுத்த வருஷம் எச்ஐவி கிருமியோட புரோட்டியேஸும், அதாவது புரதத்தை வெட்டுற என்ஸைமும், அதைத் தடுக்கிற ஆம்ப்ரெனவிர் மருந்தும். இது உங்க கட்டுரைக்கு நேரான பதில் ஐயா, அணுக்களோட தூரத்தை மட்டும் பார்த்து பலமான பிணைப்புன்னு நினைச்சிருந்த சிலது, ஹைட்ரஜன் உண்மைல எங்க நிக்குதுன்னு பார்த்தப்ப அவ்வளவு பலம் இல்லைன்னு தெரிஞ்சுச்சு. புள்ளிக்கோடு போட்டாச்சுங்கிறதுக்காக அங்க பிணைப்பு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல.

2020ல கொரோனா. நாமெல்லாம் எம்சிஓ ஊரடங்குல வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த வருஷம், ஓக் ரிட்ஜ்ல அந்தக் கிருமியோட முக்கிய புரோட்டியேஸை நியூட்ரான்ல பார்த்தாங்க. அதுல வெட்டுற வேலை செய்யிற எடத்துல சிஸ்டீன், ஹிஸ்டிடின்னு ரெண்டு அமினோ அமிலம். மருந்து எதுவும் இல்லாம சும்மா இருக்கிறப்பவே சிஸ்டீன் தன்னோட ஹைட்ரஜனை விட்டுட்டு நெகட்டிவா, ஹிஸ்டிடின் கூடுதலா ஒண்ணை வச்சுக்கிட்டு பாசிட்டிவா இருக்கிறதப் பார்த்தாங்க. அந்த எடத்துக்கு மருந்து செய்யணும்னா ப்ளஸ் எங்க மைனஸ் எங்கன்னு தெரிய வேண்டாமா?

கம்ப்யூட்டர் பாடுன்னு சொன்னதுக்கு வர்றேன். 2024ல கெமிஸ்ட்ரி நோபல் பரிசுல பாதி புதுப் புரதம் வடிவமைச்ச பேக்கருக்கு, பாதி புரத உருவத்தைக் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டுங்கிற ஏஐ செஞ்ச ஹசாபிஸுக்கும் ஜம்ப்பருக்கும் போச்சு, தகுதியான பரிசுதான், நான் அதைக் குறை சொல்லல. ஆனா அந்த ஏஐ எதைப் படிச்சு வளர்ந்துச்சு? உலகத்துல இருக்கிற புரதப் படங்களைப் படிச்சு. அதையெல்லாம் சேர்த்து வச்சிருக்கிற தகவல் வங்கில ரெண்டு லட்சத்துக்கு மேல படம் இருக்கு, நியூட்ரான்ல எடுத்தது எத்தனைன்னு பார்த்தா ஏதோ இருநூறு சொச்சம். மத்ததுல பெரும்பாலும் ஹைட்ரஜன் கிடையாது, இருந்தாலும் கணக்குப் போட்டுச் சேர்த்து ஒட்டினது. பார்க்காததை அது எப்படிக் கத்துக்கும். கார்பன் சட்டத்தை நல்லாவே வரைஞ்சு குடுக்கும், புரோட்டான் எங்கன்னு கேட்டா யூகம்தான். ஏஐ வந்ததால இந்த நியூட்ரான் வேலை தேவையில்லன்னு பேசுறாங்க, எனக்கு அது தலைகீழாத் தெரியுது, அந்த இருநூறு சொச்சம் ஆயிரக்கணக்கா ஆனாத்தான் ஏஐக்கே பாடம் கிடைக்கும்.

இன்னொரு குறை, கட்டுரைல வந்த பேரெல்லாம் வெள்ளைக்காரங்க பேரு. தப்பில்ல, ஆனா இந்த ஹைட்ரஜன் விஷயத்துல நம்ம பக்கத்து ஆளுங்க ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கல. மெட்ராஸ் யுனிவர்சிட்டில இருந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து 1954ல கொலாஜன், அதாவது நம்ம தோல்லயும் எலும்புலயும் இருக்கிற புரதம், அது மூணு இழை சேர்ந்து முறுக்கினதுன்னு சொன்னார். அதுக்கப்புறம் நடந்த சண்டை எதைப் பத்தின்னா ஹைட்ரஜன் பிணைப்பைப் பத்திதான், மூணு அமினோ அமிலத்துக்கு ரெண்டு பிணைப்புன்னு இவர் பக்கம், ஒண்ணுதான்னு ரிச், கிரிக்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க. கடைசில ஒண்ணுங்கிறதுதான் நின்னுச்சு, ஆனா மூணு இழைங்கிற யோசனை ராமச்சந்திரனோடது.

அப்புறம் ஆர். சிதம்பரம், 2025 ஜனவரில காலமானார். எல்லாருக்கும் அவரை இந்தியாவோட அணுகுண்டு சோதனை மூலமாத்தான் தெரியும், பொக்ரான்னு சொன்னா அவர் பேரு வரும். மெட்ராஸ்ல பிறந்தவர். அவரோட ஆராய்ச்சி என்னன்னா நியூட்ரானை வச்சு ஹைட்ரஜன் பிணைப்பைப் பார்க்கிறது! பம்பாய் ட்ராம்பேல ரியாக்டர் நியூட்ரானை அமினோ அமிலப் படிகங்கள் மேல விட்டு, ஹைட்ரஜன் எங்க இருக்கு, பிணைப்பு எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு அவரும் அவரோட குழுவும் ஒண்ணொண்ணா அளந்தாங்க. புரதம் அமினோ அமிலத்தால ஆனது, அதனால புரதத்துக்குப் போறதுக்கு முந்தின படி அது. குண்டைப் பத்தி ஆயிரம் கட்டுரை வந்திருக்கு, இதைப் பத்தித் தமிழ்ல யாராவது எழுதினாங்களா, என் கண்ணுல படல.

2009ல நோபல் வாங்கின வெங்கி ராமகிருஷ்ணன், சிதம்பரம் ஊர்ல பிறந்தவர், அவரும் ஆரம்பத்துல ரைபோசோமுக்குள்ள (செல்லுல புரதம் செய்யிற மிஷின்) எந்தப் புரதம் எங்க இருக்குன்னு பார்த்தது நியூட்ரான் சிதறலை வச்சுத்தான், படிக வேலை பிறகு வந்தது. இது ஹைட்ரஜன் பிணைப்பு கதை இல்ல, ஆனா அங்கயும் டியூட்டீரியம் மாத்துற அதே வித்தைதான் கை குடுத்துச்சு.

நம்ம நாட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. மலேசியால நியூட்ரானே இல்லன்னு நினைச்சுடாதீங்க, சிலாங்கூர்ல பாங்கிங்கிற ஊர்ல 1982ல இருந்து பூஸ்பாத்தி ரியாக்டர் ஓடுது. ஆனா அது 1 மெகாவாட். கிரெனோபிள்ல இருக்கிறது 58 மெகாவாட், லூக்காஸ் ஹைட்ஸ் 20. புரதப் படிகத்துக்கு நம்மோடது பத்தாது, வேற நல்ல வேலைக்கெல்லாம் ஆகுது, ஆள் பயிற்சிக்கு ஆகுது, அதுவும் வேணும். பெரிய ரியாக்டர் கட்டுங்கன்னு நான் கேக்கல, கேட்டாலும் யாரு கட்டப் போறா. வெளிநாட்டுல இருக்கிற அந்தப் பெரிய எடங்கள்ல சிலதுல பீம் டைம், அதாவது நியூட்ரான் கத்தையைப் பயன்படுத்த நேரம் கேட்டு நல்லதா ஒரு புரபோசல் எழுதி அனுப்பினா, ஆளுங்க உக்காந்து படிச்சுப் பார்த்து, ஆராய்ச்சி நல்லதா இருந்தா நேரம் ஒதுக்குவாங்க, படிகம் எவ்வளவு பெருசுங்கிறதுதான் அங்க முக்கியமான கேள்வி. நல்ல பெரிய படிகம் வளர்க்கிறதுக்கு ரியாக்டர் வேணாம், பொறுமையும் டெம்பரேச்சர் மாறாத ஒரு பெட்டியும் வேணும். எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு அதைச் செய்யலாம். படிவம் 5 கடைசில வர்ற எஸ்பிஎம் பரீட்சை முடிச்ச பிள்ளைங்ககிட்ட டாக்டர், லாயர், இல்லன்னா சிங்கப்பூர் போன்னு மட்டும் சொல்ற வீடுங்க ஜாஸ்தி, இப்படி ஒரு வேலை இருக்குன்னு பேப்பர்ல வந்தா நாலு பேருக்காவது தெரியும்.

கட்டுரையோட ரெண்டாம் பாகம் அடுத்த ஞாயிறு வருதுன்னு கீழ போட்டிருந்தீங்க. அதுல முடிஞ்சா இதெல்லாம் சேருங்க, எடம் இல்லன்னா ஒரே ஒரு காரியம் செய்யுங்க, மறுபடியும் புரதப் படம் போட்டா அடியில, இதில் ஹைட்ரஜன் அணுக்கள் காட்டப்படவில்லைன்னு ஒரு வரி சின்ன எழுத்துல போட்டுருங்க. அப்படியே, அந்தப் படம் எக்ஸ்ரேல எடுத்ததா, கம்ப்யூட்டர் வரைஞ்சதா, அதையும் சொல்லிட்டா டியூஷன்ல பேப்பரை வெட்டி ஒட்ட எனக்கு வசதியா இருக்கும்.

இப்படிக்கு,
கெமிஸ்ட்ரி டியூஷன் டீச்சர்,
சுங்கை சிப்புட், பேராக்.